அங்கீகாரம்: ஒரு சொல்லின் இரண்டு வரலாறுகள்

1

'அங்கீகாரம்' என்ற சொல் தொழிற்சாலையில் இரண்டு இடங்களில் புழங்குகிறது. உள்ளே, மனிதவளத் துறையின் அறிவிப்புப் பலகையில், 'இந்த மாதத்தின் சிறந்த தொழிலாளி' என்ற தலைப்பின் கீழ் ஒரு புகைப்படமாக அது தொங்குகிறது. வெளியே, வாசலுக்கு எதிரே போட்ட பந்தலில், 'சங்கத்தை அங்கீகரி' என்ற தட்டியாக நிற்கிறது. ஒரே சொல்தான். முதலாவதில் ஒரு தொழிலாளி தனியாளாகப் பிரித்தெடுக்கப்பட்டுப் பாராட்டப்படுகிறார். இரண்டாவதில் தொழிலாளர்கள் கூட்டாக, பேசுவதற்குரிய தரப்பாக, எதிரே நாற்காலி போட்டு உட்காரத் தகுந்தவர்களாக ஏற்கப்படுகிறார்கள்.

இவ்விரண்டு அங்கீகாரங்களுக்கும் இடையில் ஒரு வரலாற்று உறவு உண்டு என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் வாதம். இரண்டாவது மறுக்கப்பட்ட இடங்களில்தான் முதலாவது தாராளமாக வழங்கப்பட்டிருக்கிறது. நிர்வாகவியல் நூல்கள் பணியாளர் பாராட்டுத் திட்டங்களை 'ஊக்கம்', 'செயல்திறன்' ஆகிய இரண்டு சொற்களால் விளக்கி முடித்துவிடுகின்றன. பாராட்டினால் மனசு குளிரும், மனசு குளிர்ந்தால் கை வேகமாக ஓடும் என்பது அவற்றின் உளவியல். மனசு குளிர்வது உண்மைதான், மறுப்பதற்கில்லை. யார் குளிர வைப்பது, எதற்குப் பதிலாக என்ற கேள்விகள் மட்டும் அந்நூல்களில் கிடையாது.

அண்மைய உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர் அருகே சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. ஊதியம், வேலைநேரம் எனப் பல கோரிக்கைகள் இருந்தாலும் முதன்மையானது சங்க அங்கீகாரம். அக்டோபர் 7 அன்று ஓர் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. அதில் கையெழுத்திட்டது வேலைநிறுத்தம் செய்த சங்கம் அல்ல, 'தொழிலாளர் குழு' என்ற இன்னொரு தரப்பு. ஒப்பந்தத்தின் முக்கிய அம்சம், 2025 மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் 'உற்பத்தித் திறன் நிலைப்படுத்தல் ஊக்கத்தொகை'. குளிர்சாதனப் பேருந்து வசதியும் உண்டு. சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொழிலாளிகள் உள்ளே போகவில்லை, போராட்டம் 37 நாட்கள் நீடித்தது. 'காசு தர்றோம், பஸ் தர்றோம், ஆனா உங்களோட உக்காந்து பேச மாட்டோம்' என்பதுதான் அந்த ஒப்பந்தத்தின் வாசகம் என்று வாசிக்க வேண்டும். இந்த வாசகம் சாம்சங் கண்டுபிடித்ததும் அல்ல, புதியதும் அல்ல.

2

தொழிற்சாலைக்கு முன்னால் களத்துமேட்டுக்குப் போக வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்புப் பக்கம், பிளவக்கல் அணைகளின் தண்ணீரை நம்பி நெல் விளைகிற ஊர் கூமாப்பட்டி. 2025 ஜூன் மாதம் ஒரு இளைஞரின் காணொளியால் தமிழ்நாடு முழுக்கப் பேர் வாங்கியது. ஊருக்குக் கிடைத்த அந்தப் பேரில் தண்ணீரும் தோப்பும் மலையும் இருந்தன. நாற்று நட்டவர்களின் கூலி அதில் இல்லை. இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பேர் கிடைப்பது ஒரு விஷயம், பங்கு கிடைப்பது இன்னொரு விஷயம் என்பது இப்படிப்பட்ட நெல் ஊர்களுக்குப் பழகிப்போன பாடம்.

பழைய நெல் ஊர்களின் களத்தில் இரண்டு வகையான கொடுப்பினைகள் இருந்தன. ஒன்று, களத்தில் நெல் அளக்கும்போதே தச்சர், கொல்லர், நீர்பாய்ச்சுகிறவர், காவல்காரர், ஊர் ஊழியம் செய்தவர் என்று ஒவ்வொருவருக்கும் பிரித்துக் கொடுக்கிற மாமூல் பங்கு. நிலவரி ஆவணங்கள் இதைச் 'சுதந்திரம்' என்றே குறிக்கின்றன. இன்று விடுதலை என்று பொருள்படும் அதே சொல். கேட்டு வாங்கக்கூடியது, கொடுக்காவிட்டால் ஊரில் பேச்சாகும் என்பதால்தான் அதற்கு அந்தப் பெயர் பொருந்தியது. மற்றொன்று இனாம். தீபாவளிக்கு ஒரு வேட்டி, பொங்கலுக்கு ஒரு துண்டு, நன்றாக அறுத்தவனுக்கு அதிகமாக ஒரு மரக்கால். இதைக் கேட்க முடியாது, கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும்.

பழைய முறையைப் பொற்காலமாக்குவது இங்கே நோக்கமல்ல. சுதந்திரப் பங்கு சாதிப்படிநிலையின்படி அளக்கப்பட்டது. அதிகம் உழைத்தவருக்கே குறைவாகக் கிடைத்தது, பிறப்பால் விதிக்கப்பட்ட ஊழியத்தோடு அது கட்டப்பட்டிருந்தது. ஆனாலும் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. பங்கு, வேலையிலிருந்து பிறக்கிறது. இனாம், கொடுப்பவரின் மனசிலிருந்து பிறக்கிறது. பங்கு கணக்கில் ஏறும், இனாம் நன்றியில் ஏறும்.

கோயில் மரியாதையும் இந்த இரண்டாவது வகைதான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரை ஆடிப்பூரத்தில் ஆயிரக்கணக்கானோர் வடம்பிடித்து இழுக்கிறார்கள். பொதுவாகவே நம் கோயில்களில் பரிவட்டமும் முதல் மரியாதையும் தேர் நகர்வதற்கு யார் அதிகம் உழைத்தார் என்று பார்த்து வருவதில்லை. சக்கரத்தடியில் சறுக்குக்கட்டை போட்டு உயிரைப் பணயம் வைக்கிறவருக்குப் பரிவட்டம் கட்டிய செய்தியை நாம் படித்ததில்லை. மரியாதை என்பது இங்கே உழைப்பின் அளவீடாக இருக்கவில்லை. அதிகாரம் தன்னைத் தானே ஊர் முன்னால் காட்டிக்கொள்ளும் சடங்காக இருந்தது. தொழிற்சாலையின் பாராட்டு விழா நவீனமானது என்று நினைக்கிறோம். பொன்னாடை, மேடை, பெயர் வாசித்தல், கைதட்டல் என்ற அதன் உறுப்புகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று யோசித்துப் பார்க்கலாம்.

3

மேற்கிலும் இந்த வரலாறு நேர்க்கோடாக இல்லை. ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலையை 1800 முதல் நிர்வகித்த ராபர்ட் ஓவன், ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் நான்கு பக்கமும் நான்கு வண்ணம் பூசிய ஒரு சிறு மரக்கட்டையைத் தொங்கவிட்டார். கறுப்பு என்றால் மோசம், நீலம் சுமார், மஞ்சள் நன்று, வெள்ளை மிக நன்று. முந்தின நாள் வேலைக்கேற்ப மேற்பார்வையாளர் கட்டையைத் திருப்பி வைப்பார். 'மௌனக் கண்காணிப்பான்' என்று அதற்குப் பெயர். அடி இல்லை, திட்டு இல்லை. ஓவன் வேலைநேரத்தைக் குறைத்தவர், குழந்தைகளுக்குப் பள்ளி வைத்தவர், பிற்பாடு கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி ஆனவர். அவருடைய நல்லெண்ணத்தை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வே வேலை வாங்கும் என்பதை அந்த மரக்கட்டை நிரூபித்தது. ஒழுங்குபடுத்தும் நிறுவனங்களில் தண்டனையும் வெகுமதியும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் என்று ஃபூக்கோ 1975-இல் எழுதியதற்கு இதைவிடக் கச்சிதமான சான்று கிடைப்பது அரிது.

1899-இல் அமெரிக்காவின் பெத்லஹேம் உருக்காலையில் டெய்லர் செய்த சோதனை இன்னொரு வகை. ஒருவர் நாளொன்றுக்கு 12.5 டன் வார்ப்பிரும்பு சுமந்த இடத்தில் 47.5 டன் சுமக்க வைத்தார் என்பது அவரே சொன்ன கணக்கு. கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக ஏறியது. சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். இதை டெய்லர் பரிசு என்றார்.

சிகாகோ அருகே ஹாதோர்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள்தான் இன்றைய பாராட்டுத் திட்டங்களுக்கெல்லாம் மூலப்பிரதி. ஒரு தனி அறையில் சில பெண்களை உட்கார வைத்து, ஓய்வு நேரத்தை மாற்றி, வேலை நேரத்தை மாற்றி, அவர்களிடம் கருத்துக் கேட்டு, கவனித்துப் பார்த்தார்கள். உற்பத்தி ஏறிக்கொண்டே போனது. கவனிக்கப்படுவதே ஊக்கம் என்ற முடிவு எல்டன் மேயோ மூலம் உலகம் முழுக்கப் பரவியது. பாடநூல்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிற ஒரு சிறு செய்தியும் அந்த அறையில் உண்டு. அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைப்பதில்லை என்று இரண்டு பெண்கள் 1928 ஜனவரியில் வெளியேற்றப்பட்டு, வேறு இருவர் அமர்த்தப்பட்டார்கள். கவனிப்பு என்கிற அன்பின் நிபந்தனை இங்கே வெளிப்படுகிறது. கேட்டால் மட்டும் பேசு, நீயாகப் பேசாதே.

சோவியத் நாட்டை இந்த வரலாற்றிலிருந்து விலக்கி வைக்க முடியாது, நம் இடதுசாரி மரபு இதில் கொஞ்சம் மௌனம் காத்திருக்கிறது. 1935 ஆகஸ்ட் 31 அன்று தொன்பாஸ் சுரங்கத்தில் ஸ்தகானவ் ஒரே ஷிப்டில் 102 டன் நிலக்கரி வெட்டினார். நிர்ணய அளவு 7 டன். அவர் வெட்டிக்கொண்டு போக, பின்னால் மரத்தாங்கல் நட்டவர்கள் இருந்தார்கள். வெட்டியதும் நட்டதும் சேர்ந்த கூட்டு உழைப்பு ஒரே பெயரில் வரவு வைக்கப்பட்டது. படம் வந்தது, பதக்கம் வந்தது. அடுத்த ஆண்டே எல்லாத் தொழிலாளர்களுக்குமான நிர்ணய அளவுகள் உயர்த்தப்பட்டன. ஒருத்தருக்குக் கொடுத்த பதக்கத்தின் விலையை மற்றவர்கள் கட்டினார்கள். முதலாளித்துவமா சோசலிசமா என்பதைத் தாண்டி, தனியாளைப் பிரித்தெடுத்தல் என்ற உத்தி இரண்டிலும் ஒரே வேலையைச் செய்தது.

4

தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். தூத்துக்குடி கோரல் ஆலையில் 1908 பிப்ரவரியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற வேலைநிறுத்தம் கூலி உயர்வையும் வார விடுமுறையையும் பெற்றுத் தந்தது. அன்றைக்குச் சங்கம் என்ற சட்ட வடிவமே கிடையாது. பத்தாண்டுகள் கழித்து, 1918 ஏப்ரல் 27 அன்று, சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைநின்றார், செல்வபதி செட்டியாரும் ராமாநுஜுலு நாயுடுவும் வேரடி வேலை செய்தவர்கள். பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் இச்சங்கத்தை அங்கீகரிக்க மறுத்தது. உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியாவுக்கு எதிராகத் தடையுத்தரவே வாங்கியது. தொழிலாளர்களைக் கூட்டாக நிற்கச் சொல்வது சட்டப்படி சதி என்று கருதப்பட்ட காலம். 1926-இன் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு இவ்வழக்கு ஒரு முக்கியக் காரணம்.

1921-இல் அதே ஆலைகளில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் மோதல், ஆகஸ்ட் 29 அன்று துப்பாக்கிச்சூடு, சாவு. திரும்பியவர்களுக்கு அரசும் நிர்வாகமும் பாதுகாப்புக் கொடுத்தன, 'விசுவாசிகள்' என்று பேர் சூட்டின. இந்த இடத்தை எளிமையாகக் கடந்துவிடக் கூடாது. அவர்கள் ஏன் திரும்பினார்கள் என்பதற்குப் பட்டினி ஒரு காரணம். சங்கத்துக்குள் இருந்த சாதி இன்னொரு காரணம். சங்கம் தன் சொந்த உறுப்பினர்களையே சமமாக அங்கீகரிக்கத் தவறிய இடத்தில் நிர்வாகத்தின் 'விசுவாசி' பட்டம் உள்ளே நுழைந்தது. தனி அங்கீகாரம் செல்லுபடியாவதற்கு கூட்டு அங்கீகாரத்தில் ஏற்கெனவே ஒரு விரிசல் இருக்க வேண்டும். தலித் தொழிலாளரின் தரப்பிலிருந்து இந்த வரலாற்றை எழுதாத எந்தத் தொழிற்சங்க வரலாறும் அரை வரலாறுதான்.

வேலைநிறுத்தம் தோற்றது. மறு ஆண்டே, 1922-இல், ஆலைக்குள் நலக்குழு ஒன்றை நிர்வாகம் அமைத்தது. பள்ளி, மருத்துவம், கூட்டுறவுக் கடை என்று பின்னி 'மாதிரி முதலாளி' எனப் பெயர் வாங்கியது. அந்த வசதிகள் பொய்யல்ல, அனுபவித்த குடும்பங்கள் பெரம்பூர் பக்கம் உண்டு. ஆனால் காலவரிசையைப் பாருங்கள். சங்கம் உடைந்த பிறகுதான் நலக்குழு வந்தது.

சுதந்திர இந்தியாவும் இந்த உத்தியைக் கைவிடவில்லை. 1974 மே 8 முதல் 27 வரை நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தில் சுமார் 17 லட்சம் பேர் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறையில், குடும்பங்கள் ரயில்வே குடியிருப்புகளிலிருந்து தெருவில். மறுபக்கம், வேலைக்கு வந்தவர்களுக்கு 'விசுவாச ஊழியர்' என்ற பெயரில் கூடுதல் ஊதிய உயர்வு, பணி நீட்டிப்பு, பிள்ளைக்கு வேலை. எத்தனையோ நிலையங்களில், ஒரே தண்டவாளத்தில் வேலை பார்த்த இரண்டு பேரில் ஒருவர் வீட்டில் அடுப்பு அணைந்தது, மற்றவர் வீட்டில் மகனுக்கு உத்தியோகம் வந்தது. பணியாளர் அங்கீகாரத் திட்டம் என்று பாடநூல்கள் சொல்லும் எல்லா இலக்கணமும் இதற்குப் பொருந்தும். நடத்தையைத் தெளிவாக வரையறுக்க வேண்டும், உடனே பரிசளிக்க வேண்டும், எல்லோரும் அறியும்படி செய்ய வேண்டும். இந்திய அரசு மூன்றையும் செவ்வனே செய்தது.

தேசிய அளவில் 1965-இல் 'ஷ்ரம் வீர்' விருது, அதுவே பிற்பாடு விஸ்வகர்மா விருது ஆனது. 1985-இல் பிரதமரின் ஷ்ரம் விருதுகள். தமிழ்நாட்டில் 'உயர்ந்த உழைப்பாளர்' விருது. விருது வாங்கியவர்கள் திறமைசாலிகள் என்பதில் சந்தேகமில்லை. இயந்திரத்தில் ஒரு சிறு மாற்றம் சொல்லி விபத்தைத் தடுத்த ஒருவருக்குக் கைதட்டுவதில் தவறென்ன? ஒன்றை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சங்கத்தை முதலாளி கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்று 1947-இல் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேற்றப்பட்டது. அது கடைசிவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. உழைப்பாளிக்கு விருது கொடுக்க முடிந்த அரசுக்கு, உழைப்பாளிகள் கூட்டாகப் பேசும் உரிமையைச் சட்டமாக்கி, அதை அமலாக்கத் தேதி குறிக்க முடியவில்லை.

5

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு வரலாறு உண்டு. செயல்வீரர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது அதைத்தான். இனாமாக வந்த ஒன்றை உரிமையாக மாற்றிய கதை அது, போனஸின் கதை.

1917-இல் பம்பாய்ப் பஞ்சாலை முதலாளிகள் யுத்த லாபத்தில் மிதந்தார்கள். தொழிலாளர் மனம் கோணாமல் இருக்க 10 சதவீதம் 'யுத்த போனஸ்' கொடுத்தார்கள். தங்கள் பெருந்தன்மை என்றார்கள். சில ஆண்டுகள் தொடர்ந்து கொடுத்துவிட்டு, லாபம் இறங்கியதும் நிறுத்தினார்கள். 1924 தொடக்கத்தில் ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். விசாரித்த குழு, சட்டப்படியோ வழக்கப்படியோ நியாயப்படியோ இதைக் கேட்க உங்களுக்கு உரிமையில்லை என்றது. கொடுத்தது இனாம், இனாமைக் கேட்டு வாங்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். தொழிலாளர்கள் தோற்றார்கள், ஆனால் கேள்வி தோற்கவில்லை. எங்கள் உழைப்பில் வந்த லாபத்தில் எங்களுக்குப் பங்கு உண்டா இல்லையா என்ற கேள்வி கால் நூற்றாண்டு சுற்றியது. 1950-இல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு சூத்திரம் வகுத்தது. 1961-இல் ஆணையம், 1965-இல் போனஸ் சட்டம். முதலில் குறைந்தபட்சம் 4 சதவீதம், எழுபதுகளில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். இன்று அது ஊதியச் சட்டத்தொகுப்புக்குள் இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் ஒரு மில் தொழிலாளி 'போனஸ் எப்பப் போடுறீங்க?' என்று குரலை உயர்த்திக் கேட்க முடிகிறது என்றால், அந்த உயர்த்திய குரலுக்குப் பின்னால் ஐம்பது வருஷம் நிற்கிறது. களத்துமேட்டு மொழியில் சொன்னால், இனாம் 'சுதந்திரம்' ஆனது.

பணிக்கொடையும் அப்படித்தான். 1972-இன் சட்டத்துக்குப் பிறகு அது கொடை அல்ல, சேர்த்துவைத்த கடன். தமிழில் மட்டும் இன்னும் 'கொடை' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். மொழி சில சமயம் சட்டத்துக்குப் பின்னால் நடக்கிறது.

இதற்கு நேர் எதிராக, உரிமையை இனாமாகத் திருப்பிய கதையும் நம் மண்ணிலேயே நடந்தது. தொண்ணூறுகளில் மேற்கு, தென் மாவட்ட நூற்பாலைகளில் பரவிய 'சுமங்கலி' திட்டத்தைச் சொல்கிறேன். கிராமத்துப் பெண்பிள்ளைகள் மூன்று வருஷம் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும். முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு உதவும் என்றார்கள். துண்டறிக்கைகளில் அது பரிசு. கணக்குப் பார்த்தால் மாதாமாதம் குறைத்துக் கொடுத்த கூலியின் ஒரு பகுதிதான் அது. உடம்புக்கு முடியாமல் இரண்டரை வருஷத்தில் வீட்டுக்குப் போனவர்களில் பலருக்கு அதுவும் இல்லை. 2011-இல் ஐரோப்பியத் தன்னார்வ அமைப்புகளின் அறிக்கைகள் வந்த பிறகு வெளியுலகம் பேசத் தொடங்கியது. அதற்கு வெகு முன்பே தமிழ்நாட்டுப் பெண்கள் அமைப்புகளும் சங்கங்களும் பேசிக்கொண்டிருந்தன. இங்கே அங்கீகாரத்தின் பெயரே கவனத்திற்குரியது. திறமையான நூற்பாலைத் தொழிலாளி என்று அந்தப் பெண்ணை யாரும் அழைக்கவில்லை. வருங்கால மனைவி என்று அழைத்தார்கள். அல்துஸ்ஸர் சொன்ன 'விளித்தல்' இதுதான். எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்களோ அந்த ஆளாகத் திரும்பிப் பார்க்க வைப்பது. தொழிலாளி என்று கூப்பிட்டால் கூலி கேட்பாள். சுமங்கலி என்று கூப்பிட்டால் காத்திருப்பாள்.

6

பெயர் சூட்டும் இந்த அரசியல் இன்று அரசின் கையில் உச்சத்தை அடைந்திருக்கிறது.

2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் பத்து லட்சம் ஆஷா பணியாளர்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்கள் விருது அளித்தது. ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குக் கிடைத்த பணியாளர் பாராட்டு வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை. அந்தப் பத்து லட்சம் பெண்கள் அரசின் கணக்கில் பணியாளர்களே இல்லை, 'தன்னார்வலர்கள்'. அவர்கள் வாங்குவது சம்பளம் இல்லை, 'ஊக்கத்தொகை'. பணியாளர் விருது உண்டு, பணியாளர் என்ற அந்தஸ்து இல்லை. என் வாதத்தை இதைவிடச் சுருக்கமாக நானே சொல்லியிருக்க முடியாது.

அங்கன்வாடியில் வாங்குவது 'மதிப்பூதியம்'. கிராம ஊராட்சிகளில் குப்பை அள்ளுகிறவர் 'தூய்மைக் காவலர்', அவர் வாங்குவதும் 'மதிப்பூதியம்'தான், 2023-இல் அது மாதம் 5,000 ரூபாய் ஆனது. மதிப்பு, ஊதியத்தின் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டதும் ஊதியம் சுருங்கிப்போகிற விந்தையைப் பாருங்கள். அங்கன்வாடிப் பெண்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சொன்னது. அதற்கு அவர்கள் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. மேடை ஏறியதால் கிடைக்கவில்லை.

2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜில் பிரதமர் ஐந்து துப்புரவுப் பணியாளர்களின் காலைக் கழுவினார். 2020 மே 3 அன்று மருத்துவமனைகள் மீது ஹெலிகாப்டர்கள் பூத்தூவின. கொரோனா நாட்களில் தமிழ்நாட்டின் பல தெருக்களில் தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டார்கள். மாலை போட்டவர்களின் நன்றியைக் கொச்சைப்படுத்தத் தேவையில்லை. 2025 ஆகஸ்ட் 1 முதல் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். 5, 6-ஆவது மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்றார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் கைதுசெய்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். மறுநாள் அமைச்சரவை கூடி அவர்களுக்கு ஆறு நலத்திட்டங்களை அறிவித்தது, இலவச உணவு உட்பட. இரவு அப்புறப்படுத்தல், காலையில் நலத்திட்டம். 1921-க்கும் 1922-க்கும் இடையில் பின்னி எடுத்துக்கொண்ட அவகாசத்தை நம் காலம் ஒரே இரவாகச் சுருக்கிவிட்டது. 'சோறு போடுறோம்னு சொல்றாங்க, வேலைய நிரந்தரமாக்கச் சொன்னா அதுக்குப் பதில் இல்ல' என்பதற்கு மேல் இதில் கோட்பாடு தேவைப்படவில்லை.

7

சரி, அப்படின்னா பாராட்டே கூடாதா? நல்லா வேல செய்றவங்கள நல்லா செய்றீங்கன்னு சொல்றது தப்பா?

இக்கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொல்லிக்கூட அழைக்கப்படாமல், 'ஏய்', 'வாடா' என்று கூப்பிடப்பட்டவர்களுக்கு ஒரு மேடையில் தன் பெயர் முழுதாக வாசிக்கப்படுவது சின்ன விஷயமில்லை. கூலியைச் சரிசெய்தால் மானம் தானாகச் சரியாகிவிடும் என்கிற பொருளாதாரவாதம் இங்கே செல்லாது என்பதைத் தலித் அரசியல் நமக்குக் கற்பித்திருக்கிறது. தொண்ணூறுகளில் மேற்கத்திய விமர்சனக் கோட்பாட்டில் இதே விவாதம் நடந்தது. அங்கீகாரத்துக்கான போராட்டம் என்று அக்ஸல் ஹோனத் 1992-இல் பேசினார். மறுபங்கீடு இல்லாத அங்கீகாரம் எங்கே போய் முடியும் என்று நான்சி ஃபிரேசர் 1995-இல் கேட்டார். இரண்டும் வேண்டும் என்பதில் நமக்குக் குழப்பமில்லை. கேள்வி வேறு. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறைப்பதை எப்படி அடையாளம் காண்பது?

ஹெகலின் ஆண்டான்–அடிமை உவமையில் ஒரு நுட்பம் இருக்கிறது. அடிமையிடமிருந்து வரும் அங்கீகாரம் ஆண்டானுக்கு ருசிப்பதில்லை, மறுக்க முடியாதவன் கொடுக்கும் மரியாதைக்கு மதிப்பில்லை என்பதால். இதைத் திருப்பிப் போட்டால் நமக்குப் பயன்படும். மறுத்துப் பேச முடியாதவருக்குக் கொடுக்கப்படும் பாராட்டும் முழுமையான பாராட்டு ஆகாது. பொன்னாடையை வாங்கிக்கொண்டே, 'ஓவர்டைம் பாக்கி எங்கே?' என்று அதே மேடையில் கேட்டுவிட்டு அடுத்த நாள் வேலைக்கு வர முடியுமானால், அந்தப் பொன்னாடை மரியாதை. முடியாதென்றால் அது வாய்ப்பூட்டு.

ஆகவே எந்தப் பாராட்டுத் திட்டம் வந்தாலும் சில கேள்விகளை அதனிடம் வைக்கலாம். சிறந்தவரைத் தேர்வு செய்வது யார், கூட வேலை செய்கிறவர்களா, மேற்பார்வையாளரா? அளவுகோல் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியுமா? ஒருவர் எட்டிய அளவு நாளைக்கு எல்லோருக்கும் கட்டாய அளவாக மாறாது என்பதற்கு எழுத்தில் உத்தரவாதம் உண்டா? லீவு போடாதவருக்குப் பரிசு என்றால், மாதவிடாயும் பிரசவமும் பிள்ளைக்குக் காய்ச்சலும் யாருடைய கணக்கில் கழிக்கப்படுகின்றன? பரிசுத்தொகை சேமநல நிதிக்கும் பணிக்கொடைக்கும் உரிய ஊதியத்தில் சேருமா, சேராதபடி திட்டமிட்டு வெளியே வைக்கப்பட்டதா? கடைசியாக, அந்தத் திட்டம் சங்கத்தோடு பேசிப் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாக இருக்கிறதா, மேலாளரின் மேசை டிராயரில் இருக்கிறதா? கேள்விகள் சாதாரணமானவை. ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ மில் வேனில் போய்வருகிற எந்தப் பெண்ணும் கேட்கக்கூடியவை. கேட்கும்போது பக்கத்தில் இன்னும் பத்துப் பேர் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

சாம்சங் சங்கம் 2025 ஜனவரி 27 அன்று பதிவு பெற்றது. ஒரு தாளில் ஒரு பதிவு எண் விழ 37 நாள் வேலைநிறுத்தமும் அதன்பிறகு மூன்று மாதக் காத்திருப்பும் தேவைப்பட்டன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, பேச்சுவார்த்தைச் சங்கம் என்ற ஒன்றை முதன்முறையாக நாடு தழுவிய சட்டத்தில் எழுதியிருக்கிறது. பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 சதவீத ஆதரவு உள்ள சங்கத்துக்கு அந்த இடம். அதே சட்டம் எல்லாத் தொழில்களிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கிக் கையைக் கட்டுகிறது. ஒரு கையால் அங்கீகாரம், மறு கையால் பூட்டு. இந்தச் சட்டம் எப்படிப் பயன்படும் என்பது அந்த 51 சதவீதத்தை யார் திரட்டப்போகிறார்கள், ஒப்பந்தத் தொழிலாளிகளையும் விடுதிப் பெண்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கப்போகிறார்களா என்பதைப் பொறுத்தது. 1921-இல் விட்ட இடத்தை நிரப்பும் வேலை அது. அதைச் செய்யாமல் பாராட்டுப் பலகையை மட்டும் கேலி செய்துகொண்டிருந்தால் பலகையில் அடுத்த மாதமும் ஒரு புதிய படம் வரும். அதற்குக் கீழே நிற்கிற தொழிலாளி அதை ஏக்கத்தோடுதான் பார்ப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.